கிணற்றில் பங்கில்லாத இரண்டு சாட்சிகள்

இந்த ஆண்டு சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட, காணி உறுதி எழுதப்போகிற இளம் நொத்தாரிசுமாருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. என் கையெழுத்து ஒவ்வொரு உறுதியிலும் ஒவ்வொரு ஆளுடையதுபோல விழத் தொடங்கிய நாளில் நான் கந்தோரைப் பூட்டினேன். அப்போது வயது ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால், நான் எழுதிய உறுதியைக் கள்ள உறுதி என்று நானே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருப்பேன்.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அண்மையில் பரீட்சை எழுதியவர்கள். எனக்குத் தெரிந்தது என் பிழைகள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன். மற்றவற்றைச் சொல்லத் தாள் காணாது.

கலியாணம் செய்யாத, பிள்ளை குட்டி இல்லாத மனிதர்கள், தங்கள் சொத்தைத் தருமத்துக்கு எழுதவேண்டும் என்று உங்களிடம் வருவார்கள். இப்போது கனபேர் வருகிறார்கள். கூடப் பிறந்தவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். வீடும் வளவும் இங்கே இருக்கும். நடுவில் ஒரு தனி ஆள். இவர்களை இலேசான கட்சிக்காரர் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மனைவி இல்லை, மருமகன் இல்லை, கந்தோர் வாசலில் நின்று கத்த ஆள் இல்லை. அரை மணித்தியால வேலை.

ஆனால் அவர்களிடம் வாயில் வராத ஒரு கேள்வி இருக்கும். கொள்ளி வைக்கிறவனுக்குக் காணி என்பது எங்கள் பக்கத்தின் எழுதாத சட்டம். பிள்ளையில்லாத ஆள் செத்தால், எந்தப் பெறாமகன், அதாவது கூடப் பிறந்தவரின் மகன், கொள்ளிக்குடம் தூக்குகிறானோ அவனுக்குத்தான் வளவு என்று செத்தவீட்டுப் பந்தலிலேயே தீர்ப்பாகிவிடும். அப்படியானால், எல்லாவற்றையும் தருமத்துக்குக் கொடுத்த பிறகு எனக்கு நெருப்பு வைக்க யார் வருவான்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் கேட்காமலே எழுதி முடித்துவிடுவீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கொடிகாமம் சந்தையில் நாற்பது வருடமாக வாழைக்குலை வியாபாரம் செய்த பாக்கியமக்கா ஒருநாள் எனக்கு ஆள் விட்டிருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். போனேன். சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஒழுங்கை; அதன் நடுவில் படலை திறந்தபடி ஒரு வளவு. எழுபது தாண்டிய அக்காவே ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார்.

நான் தொழில் பழகிய பெரியவர் எனக்கு ஒரு விதி சொல்லியிருந்தார்: கட்சிக்காரர் வீட்டில் தண்ணியும் குடிக்கக்கூடாது. இன்றைக்குத் தண்ணி, நாளைக்குச் சாப்பாடு, நாளன்றைக்கு அவர்களுடைய நியாயம் உன்னுடைய நியாயம் ஆகிவிடும். நான் மிகவும் நேர்மையான சீடன். பையிலிருந்து என் போத்தலை எடுத்தேன்.

“என்ன ஐயா, எங்கடை தண்ணி குடிச்சா உங்கடை கையெழுத்து மாறிப்போமோ?” என்றார்.

“பழக்கமில்லை அக்கா.”

அவர் செம்பைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை ஒரு கத்தரிக் கன்றின் அடியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விருப்பம் தெளிவாக இருந்தது. பக்கத்து ஊரில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஒரு இல்லம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு குலை இவர் அனுப்புகிறார். வீடும் வளவும் அந்தப் பிள்ளைகளுக்கு.

“கிணத்தை மறந்துபோடாதேங்கோ ஐயா.”

“அதெல்லாம் வழமையா எழுதுறதுதான் அக்கா.”

நீங்களும் எழுதப் போகிறீர்கள், ஆயிரம் தரம் எழுதப் போகிறீர்கள்: ‘கிணறும், வழி வாய்க்கால் உரித்தும் உட்பட.’ எங்கள் உறுதிகளில் எல்லைகளைச் சொல்லும் அட்டவணையின் கடைசியில் வருகிற வாசகம் அது. கை தானாக எழுதும். அக்காவின் கடைசி விருப்பத்தை எழுதிய மரணசாதனத்தைக் கந்தோரில் வாசித்துக் காட்டினேன். அட்டவணை வந்தபோது, வடக்கு எல்லை இன்னார், கிழக்கு எல்லை ஒழுங்கை என்று வாசித்தால் கட்சிக்காரருக்குக் கொட்டாவி வரும் என்று எனக்கு இரக்கம் வந்துவிட்டது. “மிச்சம் எல்லை விவரம்தான் அக்கா” என்றேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். நான் செய்த பிழை முழுவதும் அந்த நாலு சொல்லுக்குள் இருக்கிறது.

ஒரு வருடம் போனது. அந்த இல்லத்தின் வேறொரு காணி அலுவலாக ஒரு காலையில் அங்கே போயிருந்தேன். செயலாளர் நல்ல மனிதர். ஆர்வத்தோடு ஒரு வரைபடத்தை விரித்தார். “பாக்கியமக்கா தனக்குப் பிறகு தன்ரை வளவை எங்களுக்குத்தான் எண்டு சொல்லியிருக்கிறா. கிடைச்ச உடனை முதல் வேலை மதில். எங்கடை பிள்ளையள் ஓடித் திரியிறவை, திறந்த கிணறு பயமெல்லோ ஐயா. சுத்திவரக் கட்டி, ஒழுங்கைப் பக்கத்தை மூடிப்போடுவம்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. “ஓம், நல்லது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் பாக்கியமக்காவின் ஒழுங்கையால் வந்தேன். படலையடியில் சனம். வாளி, குடம், சைக்கிளில் கட்டிய கான்கள். அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரப் பெடியனைக் கேட்டேன். ரூபன் என்று பெயர், அதே ஒழுங்கைக்காரன்.

“உது தண்ணி அள்ளுற சனம் ஐயா. இந்த ஒழுங்கையிலை மற்றக் கிணறெல்லாம் சவர். இது ஒண்டுதான் நல்ல தண்ணி. அக்கா படலை பூட்டுறேல்லை.” பிறகு குரலை இறக்கினான். “அக்கா நேற்று விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரியிலை விட்டிருக்கு. இண்டைக்கு ரண்டு மணிக்கு ஒப்பிறேசன். இருதயமும் பலவீனமாம். டொக்டர்மார் ஒண்டும் உறுதியாச் சொல்லேல்லை.”

“ஐயோ.”

“அவவுக்குப் பயமில்லை ஐயா. ஆஸ்பத்திரிக்கு ஏத்தேக்கை எங்களிட்டைச் சொன்னவ, நான் செத்தாலும் கிணறு உங்களுக்குத்தான்ரா, நொத்தாரிசு ஐயா வடிவா எழுதிப்போட்டார் எண்டு.”

அந்த நொத்தாரிசு ஐயா அவனுடைய ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டு நின்றார். வடிவாகத்தான் எழுதியிருந்தார். கிணற்றை இல்லத்துக்கு எழுதி, அந்த வாளிகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மதிலை எழுதியிருந்தார்.

“தம்பி, பெரியாஸ்பத்திரிக்கு விடு.”

பன்னிரண்டு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்க, வாட்டுக்குள் போனோம். ஒழுங்கைச் சனம் ஒரு வான் பிடித்து எங்களுக்கு முதலே வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. தலைமாட்டில் பாக்கியமக்காவின் தங்கை மகன் சிவநேசன். பஸ் டிப்போவில் மெக்கானிக். டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறவன். முதல்நாள் தொடக்கம் அவன்தான் கூட நின்று பார்க்கிறான் என்று சொன்னார்கள். தாய் இறந்துவிட்டாள். வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம், நீதானே பார்க்கிறாய், வளவை நீயே எடு என்று அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து சொன்னேன். “அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

கேட்டு முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்: “அப்ப ரூபனின்ரை தாய் தண்ணிக்கு எங்கை போவாள்?”

பையைத் திறந்து தாளைத் தேடினேன்.

“அண்டைக்கு ஒரு செம்பு தண்ணி தந்தனான். குடிச்சிருந்தா மறந்திருக்கமாட்டியள்.”

பலமாகச் சொல்லவில்லை. நீதிபதிகள் என்னைத் திறந்த மன்றில் ஏசியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில் இல்லை. இது நினைவில் இருக்கிறது.

டொக்டரைப் பிடித்து, அக்காவுக்குச் சுயபுத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்டேன். “காலமை என்னை நாலு கேள்வி கேட்டவ. ரண்டுக்கு எனக்கு மறுமொழி தெரியேல்லை. காணுமோ?” என்றார். போதும் என்றேன். கட்டிலடி மேசையில் தாளை வைத்து, புது மரணசாதனத்தைக் கையால் எழுதினேன். கிணறும், ஒழுங்கையிலிருந்து அதற்குப் போகிற பாதையும் ஒழுங்கையாருக்கு, என்றென்றைக்கும். மிச்ச வளவும் வீடும் இல்லத்துக்கு. மதிலைக் கிணற்றுக்கு உட்புறமாகக் கட்டலாம். இல்லத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு. எழுதி முடிய மணி பன்னிரண்டரை. இனிச் சாட்சிகள்.

வழமையாக எனக்குச் சாட்சி வைக்கிற கிளாக்கர் வல்வெட்டித்துறையில் ஒரு கலியாணவீட்டில் இருந்தார். போன் எடுத்தால் மேளச் சத்தம்தான் கேட்டது. நேர்ஸ்மார் மாட்டோம் என்றார்கள். அது அவர்களுடைய நியாயமான பயம்.

“நான் வைக்கிறன் ஐயா” என்று ரூபன் முன்னால் வந்தான்.

“நீ அந்தத் தண்ணி குடிக்கிறனியோ?”

“பிறந்த நாள் துவக்கம்.”

“அப்ப நீ வைக்கேலாது. மரணசாதனத்தாலை ஆதாயம் வாற ஆள் அதுக்குச் சாட்சி வைக்கக்கூடாது. வைச்சா உன்ரை உரித்துப் போச்சு.”

அடுத்த ஆள். “நீங்கள்?” குடித்தவர். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா குடித்தவர், அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீரில்தான் பால்மா கரைத்தவர். வான் ஓட்டி வந்தவர்கூட ஒழுங்கை முடக்கில் இருக்கிறவர். அக்காவை விரும்புகிற அத்தனை பேரும் அந்தக் கிணற்றில் குடித்தவர்கள். அத்தனை பேரும் சட்டத்தின் கண்ணில் உதவாதவர்கள். முப்பது வருடத் தொழிலில் சாட்சிக்கு ஆள் தேடி அலைந்திருக்கிறேன். ஒரு மனுஷியின் தண்ணீரைக் குடிக்காத ஆளைத் தேடி அலைந்தது அன்று மட்டும்தான். அப்போதுதான் அந்த வளவில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. நான் அட்டவணையில் எழுதியது ஒரு கிணற்றை. அவர் எனக்குச் சொன்னது ஒரு ஊரை.

மற்றக் கட்டில்களுக்கு வந்தவர்களைக் கெஞ்சினேன். கையெழுத்து என்றதும், “ஐயா, வழக்கு எண்டு கோடு கச்சேரி ஏற எங்களாலை ஏலாது” என்று திரும்பிக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தாயைப் பார்க்க மயிலிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு கடற்றொழிலாளி மட்டும் எழும்பினார்.

“இவவை எனக்குத் தெரியாதே ஐயா.”

“எனக்குத் தெரியும், அது போதும். உங்களுக்கு இவவின்ரை கிணறு தெரியாதெல்லோ?”

“நான் உப்புத் தண்ணியிலை சீவிக்கிறவன். நல்ல தண்ணிக்கு ஒரு கையெழுத்து வைச்சா என்ன?”

ஒருவர் கிடைத்தார். இன்னும் ஒருவர் வேண்டும். அந்தக் கட்டிலைச் சுற்றி, அந்தக் கிணற்றில் பங்கில்லாத, அந்தக் காணியில் ஒரு துண்டும் கிடைக்காத ஒரே ஆள் தலைமாட்டில் நின்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். சாட்சி வைக்கிறவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. தாளை மடித்து, இங்கே வையுங்கள் என்று விரலால் காட்டலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது. நானும் பலதரம் அப்படிச் செய்திருக்கிறேன். சிவநேசனுக்கு, பெரியம்மா இல்லத்துக்கு ஏதோ கொடுக்கிறா என்றளவில் தெரியும். முழுவதும் என்று தெரியாது. சொன்னால் அவன் மறுக்கலாம். மறுத்தால் வேறு ஆள் இல்லை, நேரமும் இல்லை. கிணறு போய்விடும். சொல்லாமல் விட்டால் ஒரு நிமிட வேலை.

நான் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல என்னால் முடியாது. அக்காவின் காதில், “மடிச்சுக் குடுக்கட்டோ?” என்று கேட்டேன்.

“அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.”

“மாட்டன் எண்டால்?”

“மாட்டன் எண்டு சொல்லட்டும். பேந்து தெரிஞ்சு, என்ரை சவத்துக்கு முன்னாலை நிண்டு யோசிக்கிறதிலும் பார்க்க இப்ப யோசிக்கட்டும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அட்டவணையையும் வாசியுங்கோ.”

வாசித்தேன். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, பாதையின் அகலம், எல்லாம். அவன் பெரியம்மாவைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வீடும்?”

“ஓம் தம்பி.”

“பெரியம்மா, எனக்கு ரண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

“தெரியும். ரண்டுக்கும் பேர் வைச்சது நான்தான். அதுகளுக்குத் தகப்பன் இருக்கிறான்.”

அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருக்கிற தகப்பனுக்கு ஒரு வளவு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிவநேசன் திரும்பி, வாட்டை விட்டு வெளியே போனான்.

மணி பன்னிரண்டே முக்கால். ரூபன் பின்னால் ஓட வெளிக்கிட்டான். மயிலிட்டிக்காரர் அவன் கையைப் பிடித்தார். “விடு தம்பி. கடல் குழம்பினா வள்ளத்தைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. கொஞ்சம் பொறுக்க வேணும்.”

பொறுத்தோம். நேரம் முடிகிறது என்று வாசலில் மணி அடித்தார்கள். மற்றக் கட்டில் சனம் கலையத் தொடங்கியது. நான் தாளை மடிக்கத் தொடங்கினேன். பாக்கியமக்கா, “அதை மடிக்காதேங்கோ” என்றார்.

சனத்துக்கு எதிராக உள்ளே வந்தான் சிவநேசன். முகம் கழுவியிருந்தான், சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“எங்கை வைக்கிறது?”

இடத்தைக் காட்டினேன். பேனையை வாங்கினான், வைக்கவில்லை.

“ஐயா, ஒண்டு எழுத வேணும். கொள்ளி நான்தான் வைக்கிறது எண்டு எழுதுங்கோ. நாளைக்குக் காணியில்லாதவனுக்கு என்ன உரிமை எண்டு ஆரும் வந்து மறிக்கக்கூடாது.”

பந்தலில் எத்தனையோ பெறாமக்களைப் பார்த்திருக்கிறேன். காணிக்காகக் கொள்ளியைப் பிடித்தவர்கள்தான் எல்லோரும். காணியைக் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு, கொள்ளியை மட்டும் கேட்ட ஒருவனை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆனால் நான் நொத்தாரிசு அல்லவா? கண் கலங்குவதற்கு முதல் எனக்கு வந்த சந்தேகம், இது ஆதாயமா என்பதுதான். சாட்சி வைக்கிறவனுக்கு இதில் ஏதாவது கிடைக்கிறதா? யோசித்தேன். ஈமக்கிரியை யார் செய்வது என்பது வெறும் விருப்பம். சட்டத்தில் அது ஆதாயம் அல்ல. எழுதலாம். சட்டப்படி சரியான முடிவுதான். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

பாக்கியமக்காவைப் பார்த்தேன். அவர் முதன்முதலாகக் கண்ணை மூடியிருந்தார். “எழுதுங்கோ” என்றார்.

தராசு பிடித்துக் காய்த்த கை. பெரிய எழுத்தில் அக்கா தன் பெயரை எழுதினார். சிவநேசன் வைத்தான், மயிலிட்டிக்காரர் வைத்தார், கடைசியாக நான். என் கை முதன்முதலில் நடுங்கியது அந்தக் கையெழுத்தில்தான். வைத்தியர் நரம்பு என்கிறார். இருக்கலாம்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. பாக்கியமக்கா இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். ஊன்றுகோலோடு சந்தைக்கும் போனார். என்னைக் கண்டால், “உங்கடை போத்தல் சுகமோ?” என்று கேட்பார். பிறகு ஒரு விடியலில் நித்திரையிலேயே போய்விட்டார். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து கேள்விகள் வந்தன. சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று தெரிந்ததும் அவை நின்றுவிட்டன.

செத்தவீட்டுக்குப் போனேன். சிவநேசன்தான் கொள்ளி வைத்தான், யாரும் மறிக்கவில்லை. சுடலையால் வந்து, குளிப்பதற்காகக் கிணற்றடிக்குப் போனவன், கயிற்றில் கை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஐயா, நான் அள்ளலாமோ?”

எழுதியது நான். ஒழுங்கையாருக்கு என்று எழுதியிருந்தேன். அவன் டவுனில் இருக்கிறவன். என் மூளை அந்த வாசகத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்தது. அந்த வெட்கத்தையும் உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் வாய் திறப்பதற்குள் ரூபன் பாய்ந்து கயிற்றைப் பறித்தான்.

“உங்களுக்குத்தான் இதிலை பங்கில்லையே அண்ணை! தள்ளுங்கோ. எங்கடை தண்ணி, நாங்கள் அள்ளி ஊத்துறம்.”

முதல் வாளியை அவன் ஊற்றினான். அடுத்ததை வான்காரர். பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு வாளி. “காணும், காணும்” என்று சிவநேசன் பல்லுக் கிடுகிடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒருவரும் கேட்கவில்லை. அவன் அழுதது அந்தத் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ரூபன் ஒரு செம்பை நிறைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“ஐயா?”

பையில் என் போத்தல் இருந்தது. செம்பை வாங்கி அண்ணாந்தேன். கை நடுங்கியதில் பாதி சட்டையில் போனது. மீதியைக் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டேன்.